கூரையில் இரண்டு தட்டு

பிப்ரவரிப் பனிமூட்டம் டெய்வி ஆற்றின் மேல் எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்த ஒரு காலையில், ஹவோத் பண்ணையின் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஒரு பிக்கப் வண்டி தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற இருக்கையில் ஆள் கிடையாது. ஸ்டியரிங்கை ஆரஞ்சு நிறப் புல்கட்டுக் கயிற்றால் கதவுக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் மோட் என்ற நாய் உட்கார்ந்து, வருவது வரட்டும் என்று முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின் தட்டில் டெலித் நின்றிருந்தாள். ஐம்பத்தொன்பது வயது, கனத்த மேல்கோட்டு, செத்துப்போன அண்ணன் எம்லினின் கம்பளித் தொப்பி. கட்டை அவிழ்த்து, உலர்ந்த புல்லைப் பாளம் பாளமாக உரித்து, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று வீசிக்கொண்டே வந்தாள். பின்னால் இருநூற்றுப் பத்து சினை ஆடுகள். வெள்ளைப் பனிக்குள் வெள்ளை ஆடுகள் கரைந்துபோய், மூக்கும் கண்ணும் மட்டும் காற்றில் மிதந்து வந்தன.

புல் போடுகிற அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் அவள் மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் அது மிகை இல்லை. தான் அசையாமல் நிற்பதாகவும், புல்வெளிதான் காலுக்கடியில் மெல்ல நழுவிப் பின்னால் போவதாகவும் இருக்கும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த இடைவெளியில் எம்லின் முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பின் கண்ணாடி வழியாக உள்ளே திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட ஒரே சட்டம். இந்தக் குளிர்காலத்தில் ஒருமுறைகூட அவள் அதை மீறியதில்லை.

முப்பத்தொரு குளிர்காலம் அவன் ஓட்டினான், அவள் வீசினாள். புல் தீர்ந்ததும் அவள் ஓட்டுநர் அறைக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள், அவன் நிறுத்துவான். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு என்றால் நில். அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. மூத்தவள் நெஸ்டா கல்யாணமாகிப் போகும்வரை அப்பாவுக்கு இப்படித்தான் ஓட்டினாள். பிறகு அந்த இருக்கை எம்லினுக்கு வந்தது. கடைக்குட்டி டெலித்துக்குக் கிடைத்தது பின் தட்டு. அவள் அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இப்போதும் புல் தீர்ந்ததும் அவள் கூரையில் இரண்டு தட்டினாள்.

வண்டி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? ஐந்து எண்ணினாள். பிறகு பின்பக்கமாகக் குதித்து இறங்கி, ஈரப் புல்லில் ஓடிப் போய்க் கதவைத் திறந்து சாவியைத் திருகினாள். முப்பது கஜத்தில் ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மோட் அவளை ஒரு பார்வை பார்த்தது. நாய்க்குப் பேச வராதது அந்தக் குடும்பத்துக்குச் செய்த பெரிய உபகாரம்.

இந்த வண்டி எம்லின் கேட்டு வாங்கியது. போன ஆண்டு ஜூலையில், கோடைக் கண்காட்சியில் ஒரு வெள்ளை பிக்கப்புக்குள் ஏறி உட்கார்ந்தவன் முக்கால் மணி நேரம் இறங்கவில்லை. எடுத்த எடுப்பில் எதையும் முடிவு செய்யாத மனிதன். ஒரு ஜோடி காலுறை வாங்கவே இரண்டு வாரம் யோசிப்பவன். அன்றைக்கு மட்டும் அங்கேயே வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தான். செப்டம்பரில் ஒரு காலை, கொட்டகை வாசலில் வாளியோடு குனிந்தவன் நிமிரவில்லை. அடக்கம் முடிந்த பதினோராம் நாள், ஓர் இளைஞன் பளபளவென்று வண்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டு, "எம்லின் இருக்காருங்களா?" என்று கேட்டான். டெலித் "இப்ப இல்லை" என்றாள். அந்த "இப்ப" எப்படித் தன் வாயில் வந்தது என்று பல நாள் யோசித்தாள்.

அடக்கத்தன்று தேநீருக்கு நடுவில் நெஸ்டா கூப்பிட்டுப் பேசினாள். நெஸ்டா அபெரிஸ்ட்வித்தில் கடலைப் பார்த்த மாடி வீட்டில் இருக்கிறாள். புருஷன் போய் ஆறு வருடம். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத, வார்த்தையும் வளையாத பெண்பிள்ளை.

"தனியா ஆட்டைப் பாத்துக்குவேன்ங்கற. சரி, ஒரு குளிர்காலம் பாப்போம். ஒரு தப்பும் நடக்கலைனா நான் வாயத் திறக்கல. ஏதாவது ஒண்ணு ஆச்சு, ஒண்ணே ஒண்ணு, மே மாசம் ஆட்டை வித்துட்டு எங்கிட்ட வந்துடணும்."

"சரிக்கா," என்றாள் டெலித். அந்த நேரத்தில் ஆட்டை இன்றைக்கே விற்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் குளிர்காலம் வந்து, முதல் நாள் புல் போட வண்டியை எடுத்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஆற்றங்கரையைவிட்டுப் போனால் எம்லின் இரண்டாவது முறை சாவான். ஆட்டுக்காக அல்ல, நிலத்துக்காகவும் அல்ல. வேறெங்கே நின்று அவன் கூரையைத் தட்டுவது?

புது வண்டியிடம் ஒரே குறை. முதல் கியரில் தானாக விட்டாலும் விடுவிடுவென்று நடந்தது. எம்லின் ஓட்டினால் நத்தை முந்தும். பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே ஓட்டுவான் என்பது அவள் கணக்கு. பெடலை மிதிக்க இங்கே கால் இல்லை. அதனால் ஹேண்ட் பிரேக்கை மூன்று 'டிக்' தூக்கி வைத்தாள். வண்டி கொஞ்சம் முக்கியது, பிறகு அடங்கி நடந்தது. இன்னொரு விஷயமும் அவளை உறுத்தியது. பழைய வண்டி புல் போடும்போது அடித் தொண்டையில் ஒரு ரீங்காரம் போடும். அந்த ஒற்றைச் சுரத்தின் மேல் டெலித், சேப்பல் பாடகர் குழுவில் தனக்குரிய ஆல்ட்டோ என்ற பெண் கீழ்க்குரல் பாகத்தை முணுமுணுத்துப் பழகுவாள். புது வண்டி அப்படி முனகவில்லை. பழசானதால்தான் அது முனகியது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அதிலிருந்து அவளுக்குப் பாட்டும் வரவில்லை.

சில நாள் தலைமுடி பொசுங்குகிற வாடை வரும். புது வண்டி, பெயின்ட் காய்கிறது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குப் புல் போட்டுவிட்டு வந்து சரிவான முற்றத்தில் வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சூப்பிலிருந்து கரண்டியைத் தூக்குவது போல அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் மேலே வந்தது. கியரை நியூட்ரலில் விட்டுவிட்டு, வேறெதையோ நினைத்தபடி இறங்கி நாலு அடி நடந்தாள். பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் மென்மையாகக் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது வண்டி பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. கோழிக் கூண்டைத் தாண்டியது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. கண்ணாடிக்குப் பின்னால் மோட்டின் முகம் சிறிதாகிக்கொண்டே போயிற்று. டெலித் ஓடவில்லை. கனவில் கால் எழாதே, அப்படி நின்றாள். வண்டி கடைசியில் வேலிப் புதரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டது. ஒரு சொட்டை, கொஞ்சம் முள்கீறல். அவ்வளவுதான். ஆனால் ஒண்ணே ஒண்ணு என்று நெஸ்டா சொன்ன அந்த ஒண்ணு நடந்துவிட்டது.

கம்பெனிக்காரன் செய்த கோளாறாக இருந்துவிட்டால்? அப்போது அது தன் தப்பு ஆகாதே. இந்த ஒரு நப்பாசையைப் பிடித்துக்கொண்டு, கியரை நம்பி, ட்ரெகாரனில் இருக்கும் இத்வலின் கராஜுக்கு வண்டியை ஊர்ந்து ஓட்டிப் போனாள்.

இத்வல் அவளோடு ஞாயிற்றுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சேப்பல் சபை மூப்பர்களில் ஒருவன். பொய் சொல்லவே வராது. வியாபாரத்துக்கு இது நல்லதா கெட்டதா என்று ஊரில் இன்னும் தீர்மானமாகவில்லை. அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய பிரேக் ஷூவில், அதாவது சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த கட்டைகளில், ஒன்றை எடுத்து, அதில் சாக்பீஸால் பண்ணைப் பேரையும் ஓடிய மைலையும் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவான். கல்லறைத் தோட்டத்தை விட்டால் ஊரில் எல்லா வீட்டுப் பேரும் ஒரே இடத்தில் இருப்பது அந்தச் சுவரில்தான். யார் அவசரக்காரர், யார் பயந்தாங்கொள்ளி என்று அதைப் பார்த்தே சொல்வான்.

முன் சக்கரங்களை முதலில் பார்த்தான். பிறகு பின் சக்கரத்தைக் கழற்றி, ஷூவை மூடியிருந்த டிரம்மைச் சுத்தியலால் தட்டி உருவினான். கறுப்புத் தூள் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"இது எத்தனை மைல் ஓடியிருக்கு?"

"மூவாயிரம் சொச்சம்."

"முன் பேட் ரெண்டும் அப்படியே இருக்கு. மேல இருக்கற எழுத்துகூட அழியல. பின்னால வந்து பாரு. ஷூவுல லைனிங்கே இல்ல. இரும்பு பல்லைக் காட்டுது."

"பின்னாடி சீக்கிரம் தேயுமோ என்னவோ," என்றாள் டெலித்.

"தலைகீழாச் சொல்ற. பிரேக் அடிச்சா வண்டி முன்னால குனியுதில்ல? பாரம் பூரா முன் சக்கரத்துக்குப் போயிடும். அங்கதான் தேயும். பின் ஷூ ஒப்புக்குத் தொட்டுட்டு வர்றது. அறுபதாயிரம் மைலுக்குக் கவலையே இல்லாம கிடக்கும்."

"கம்பெனிக்காரன் மட்டமான சரக்கை வெச்சுட்டானோ?"

இத்வல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எதையோ வேண்டிக்கொண்டு கேட்கிறாள் என்று தெரிந்தது. ஆனாலும் அவனுக்குத் தெரிந்தது ஒரு வழிதான்.

"இல்லம்மா. சேறு உள்ள போயிருந்தா டிரம்முல கோடு கோடா கீறியிருக்கும். இது வழவழன்னு இருக்கு, சூட்டுல நீலம் பாஞ்சிருக்கு. கேபிள் சிக்கியிருந்தா ஒரு பக்கம்தான் தேயும். இது ரெண்டு பக்கமும் அளந்து வெச்சாப்புல ஒண்ணா இருக்கு. கால் பிரேக்குன்னா முன் பேட் தப்பியிருக்காது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். யாரோ அதைப் பாதி தூக்கி வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்காங்க."

"மறந்துபோய் ஒரு நாள் ரெண்டு நாள்..."

"மறதி இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யாது, டெலித்."

அந்த நேரத்தில்தான் வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நெஸ்டா நின்றாள். புதிதாகச் சுருட்டிய தலைமுடியின் மேல் பிளாஸ்டிக் மழைத் தொப்பி. அவள் கடலோரத்துக்குக் குடிபோய் நாற்பது வருடமாகியும், தன் தலையை இந்த ஊர்க்காரி ஒருத்தி மட்டுமே தொடலாம் என்று வியாழன்தோறும் பஸ் ஏறி வருகிறவள். முடி திருத்தும் கடை கராஜுக்கு அடுத்த கதவு. டெலித்துக்கு அன்று வியாழக்கிழமை என்பதே ஞாபகமில்லை. எம்லின் போனதிலிருந்து கிழமைகள் அவளுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"அது நம்ம வண்டிதானே? என்ன ஆச்சு அதுக்கு?"

"பின் பிரேக் தேஞ்சுபோச்சு," என்றான் இத்வல்.

"அஞ்சு மாசத்து வண்டியிலயா?"

இத்வல் கையைத் துணியில் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். பாவம், அவனைப் பொய்யின் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே என்று டெலித்துக்கு இருந்தது.

"நான்தான்க்கா," என்றாள். "புல் போடறப்ப ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி வெச்சுட்டு வண்டிய நடக்க விடுவேன். நான் பின்னால நிப்பேன்."

"ஓட்டறது யாரு?"

"யாருமில்ல."

"யாருமில்லன்னா?"

"மோட் உள்ள இருக்கும்."

நெஸ்டா மழைத் தொப்பியைக் கழற்றினாள். அவள் சண்டைக்கு முன் செய்கிற காரியம் அது.

"ஆறு பக்கத்துல. நாய் உள்ள. வண்டி பாட்டுக்குப் போகுது. நீ கால் தவறி விழுந்தா எந்தச் சக்கரம் உம்மேல ஏறுச்சுன்னு நாய் வந்து சொல்லுமா? முடிஞ்சுது டெலித். மே மாசம். நீ குடுத்த வார்த்தை."

டெலித் தரையில் கிடந்த கறுப்புத் தூளைப் பார்த்தாள். ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரு கைப்பிடித் தூளாக அங்கே கிடந்தது.

"ஒரு நிமிஷம் நெஸ்டா," என்றான் இத்வல். "எனக்கு ஒண்ணு புரியல. எதுக்கு டெலித் ஹேண்ட் பிரேக்கு?"

"வேகமாப் போகுது. எம்லின் ரொம்ப மெதுவா ஓட்டுவான். பெடலை மிதிச்சுக்கிட்டே போவானில்ல, அந்த அளவுக்கு வரணும்னுதான்."

"யாரு, எம்லினா? பெடலை மிதிச்சுக்கிட்டா?"

இத்வல் சுவரோரம் போய், விரலால் தேடி, ஓர் ஆணியிலிருந்து ஒரு பழைய ஷூவை எடுத்து வந்தான். அதில் "ஹவோத், 92,000" என்று சாக்பீஸ் எழுத்து இன்னும் இருந்தது. பெஞ்சில் டெலித்தின் தேய்ந்த ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தான். எம்லினுடையதில் லைனிங் சுண்டுவிரல் கனத்துக்குப் பாதி மிச்சமிருந்தது.

"தொண்ணூத்திரண்டாயிரம் மைல். முப்பது வருஷமா அவனோட வண்டிங்களை நான்தான் பாத்தேன். பிரேக்குக்குன்னு அவன் எங்கிட்ட வந்ததே கிடையாது, பழைய வண்டி போறப்பதான் இதைக் கழட்டி வெச்சேன். மிதிச்சுக்கிட்டே ஓட்டறவனோட ஷூவா இது? அவன் சின்ன கியர்ல போட்டுட்டுப் பெடல்மேல காலே வெக்காம உக்காந்திருப்பான். வண்டி தானா ஊரும்."

"எந்த சின்ன கியர்?"

இப்போது இத்வலும் நெஸ்டாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழைய வண்டியில கியர் கம்பிக்குப் பக்கத்துல குட்டியா ரெண்டாவது கம்பி ஒண்ணு இருக்குமே."

"அது உடைஞ்சதுன்னு நினைச்சேன்."

"இதுல டேஷ்போர்டுல ஒரு உருண்டைத் திருகு இருக்கு பாரு."

"சேத்துக்கு ஒரு சுத்து திருப்புவேன். அதுக்கு மேல அது நகராது. இறுகிப் போயிருக்கு."

"இறுகல. நியூட்ரல்ல நிறுத்திட்டு அமுக்கித் திருப்பணும். முப்பத்தொரு வருஷம் பின்னால நின்னியே தாயே, முன்னால அவன் என்ன பண்றான்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? அவன் ஓட்டினான், நான் வீசினேன்."

"அவனாவது சொல்லியிருக்கலாம்," என்றான் இத்வல்.

"எம்லினா!" என்றாள் நெஸ்டா. "அவன் வாயத் திறந்தது சோத்துக்கும் சேப்பல் பாட்டுக்கும்தான்." சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இடறியது. உடனே சமாளித்துக்கொண்டாள். "சின்ன கியரோ பெரிய கியரோ, ஆளில்லாத வண்டி ஆளில்லாத வண்டிதான். தனியா இருக்கறவங்க என்ன பண்றாங்க? பத்தடி ஓட்டி, நிறுத்தி, இறங்கி வீசறாங்க. நீயும் அந்த சீட்டுல உக்காந்து ஓட்ட வேண்டியதுதானே?"

"முடியலக்கா."

"ஏன், முட்டியா?"

"முட்டியெல்லாம் இல்ல. கடைத்தெருவுக்கு ஓட்டிட்டு வர்றது வேற. புல் போடறப்ப அந்த சீட்டுல நான் உக்காந்தா, அவன் இல்லைன்னு ஆயிடும்."

கராஜில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டெலித் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

"தினமும் கூரையில ரெண்டு தட்டுவேன்க்கா. நிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் அஞ்சு எண்ணுவேன்."

இத்வல் தேவையே இல்லாத ஒரு ஸ்பானரைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நெஸ்டா பெஞ்சில் கிடந்த இரண்டு ஷூக்களையும் பார்த்தபடி நின்றாள். அப்பாவின் வண்டி, பதினாறு வயது, தலைக்கு மேல் தகரத்தில் அவர் முஷ்டி விழும் சத்தம்... அவள் என்ன நினைத்தாள் என்று அவள் சொல்லப்போவதில்லை. பிறகு கோபம் மாறாத அதே குரலில் கேட்டாள்.

"அம்மாவோட ரப்பர் பூட்ஸ் இன்னும் அங்க கிடக்கா?"

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வண்டி தயாரானது. நடுவில் வெள்ளிக்கிழமை ஒரு நாள் அக்காவும் தங்கையும் தள்ளுவண்டியில் புல் கொண்டுபோனார்கள். நெஸ்டா வழியெல்லாம் திட்டினாள். சேற்றைத் திட்டினாள், ஆட்டைத் திட்டினாள், ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை பேசியே காலத்தைத் தள்ளிவிட்டுப் போன தம்பியையும் திட்டினாள். இரவு சூப்பைக் குடித்துவிட்டு எம்லினின் நாற்காலியில் தூங்கிப் போனாள். டெலித் அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதைச் செப்டம்பருக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

வயலுக்கு வந்ததும் நெஸ்டா முதல் வேலையாகப் பேனாக்கத்தியை எடுத்து ஸ்டியரிங்கில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஆரஞ்சுக் கயிற்றை அறுத்தாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். மோட்டிடம், "நகரு, இதுவரைக்கும் ஓட்டினது போதும்," என்றாள். பிறகு நியூட்ரலில் நிறுத்தி, அந்த உருண்டைத் திருகை உள்ளங்கையால் அமுக்கித் திருப்பினாள். வண்டியின் வயிற்றில் எங்கோ ஒரு பல் இன்னொரு பல்லைத் தேடிப் பிடித்த ஓசை கேட்டது.

டெலித் பின் தட்டில் ஏறி முதுகைக் காட்டி நின்றாள். முதல் கட்டின் கயிற்றை அறுத்தாள்.

வண்டி கிளம்பியது. கிளம்பியதே தெரியவில்லை. புல்வெளிதான் நழுவத் தொடங்கியது, நின்று யோசித்து நழுவுவது போல. அதோடு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது. ஒரே சுரம். கனத்த, அவசரமில்லாத, அடித் தொண்டைச் சுரம். டெலித்தின் கையில் புல் அப்படியே நின்றது. பழைய வண்டியின் கிழட்டு முனகல் என்று அவள் விட்டுக்கொடுத்திருந்த சத்தம் அது. வண்டியோடும் அண்ணனோடும் போய்விட்டது என்றிருந்தாள். அது சின்ன கியரின் சத்தம். இத்தனை மாதமும் காலடியில், ஒரு திருகுக்குள், யாராவது அமுக்கித் திருப்பட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆடுகள் பனிக்குள்ளிருந்து வந்தன. அவள் வீசினாள். இடம் ஒன்று, வலம் ஒன்று. எப்போது தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது, முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வண்டி பேஸ் என்ற அடிக்குரல் பாட, அவள் ஆல்ட்டோ. நடுவில் ஒரு வரி மறந்துபோயிருந்தது. அதைத் தாண்டிக் குதித்து அடுத்த வரிக்குப் போனாள்.

கடைசிக் கட்டு தீர்ந்தபோது ஆற்றோரத்து மரங்கள் தெரிந்தன. டெலித் தன் சட்டத்தை அன்றைக்கு மீறினாள். திரும்பி, பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். வியாழக்கிழமை சுருட்டிய நரைமுடி, விறைப்பான கழுத்து. எம்லின் இல்லை. நெஸ்டாவின் பின்தலைக்கும் எம்லினின் பின்தலைக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. காதைத் தவிர. அந்தக் குடும்பத்துக் காது, கொஞ்சம் வெளியே தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்கிற காது.

அவள் முஷ்டியை மடக்கிக் கூரையில் இரண்டு தட்டினாள். பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். ஒன்று.

வண்டி நின்றது.

புது ஷூ கவ்விப் பிடித்து, சரக்கென்று, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது. டெலித் முஷ்டியைக் கூரையிலேயே வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். செப்டம்பரில் அழ வேண்டியது அது. ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து தின்றன.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது. நெஸ்டாவின் தலை வெளியே வந்தது. அவள் கண்ணும் அப்படியொன்றும் காய்ந்திருக்கவில்லை.

"முடிஞ்சுதா? காத்து ஊசியாக் குத்துது, சீக்கிரம் சொல்லு. குட்டி போடற வரைக்கும் இருக்கேன். அப்புறம் நவம்பர்ல வருவேன். மே மாசம் எதையும் விக்க வேண்டாம். ஆனா வியாழக்கிழமை எனக்கு லீவு, தலைக்குப் போகணும்."

"வியாழக்கிழமை ஓட்டறது யாரு, அக்கா?"

"நீதான். அந்த ஒரு நாள் நீயே இங்க உக்காந்து, பத்தடி ஓட்டி, நிறுத்தி, இறங்கி வீசு. உன்னால முடியும்."

டெலித் மூக்கைத் தொப்பியால் துடைத்தாள். யோசித்தாள். பிறகு கூரையை ஒரே ஒரு தட்டுத் தட்டினாள், மெதுவாகப் போ என்று. வண்டி அந்த ரீங்காரத்தோடு வீட்டுப் பக்கம் திரும்பியது.